தள்ளாடும் பெருநிறுவனங்களைப் பொதுப்பணத்தால் தாங்கிப் பிடிக்கலாமா?

செங்காந்தள் எழுதியது:

பெருநிறுவனம் ஒன்று விழப்போகிறது என்ற செய்தி வெள்ளிக்கிழமை மாலையில் கசிவதும், சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிதியமைச்சகத்தில் விளக்குகள் அணையாமல் எரிவதும், திங்கள்கிழமை சந்தை திறப்பதற்குள் ஒரு பெருந்தொகை ஒதுக்கப்பட்டுவிட்டதாக அறிவிப்பு வருவதும் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. அந்த இரண்டு நாள்களில் வரி செலுத்துபவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. மக்களின் பிரதிநிதிகளைக் கேட்ட ஒரு சந்தர்ப்பத்தில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். 2008 செப்டம்பர் 29 அன்று, நிதி நிறுவனங்களுக்கான 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 228க்கு 205 என்ற வாக்குக் கணக்கில் நிராகரித்தது. அன்று ஒரே நாளில் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு 777 புள்ளிகள் சரிந்தது. அக்டோபர் 3 அன்று அதே சபை சில திருத்தங்களோடு அந்தத் திட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தது.

லாபம் வந்தபோது அது தங்கள் திறமை என்று எடுத்துக்கொண்டவர்கள், நட்டம் வந்ததும் அது நாட்டின் பிரச்சினை என்று கையேந்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த நிறுவனத்தை நம்பியிருக்கும் தொழிலாளர்களும், அதற்குச் சரக்குக் கொடுத்தவர்களும், அதில் ஓய்வூதியத்தைப் போட்டு வைத்தவர்களும் எந்தத் தவறும் செய்யவில்லையே என்று நினைக்கும்போது அந்தக் கோபம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாமல் திகைக்கிறேன். எந்த நிறுவனத்தை, எந்த நிலையில், என்ன நிபந்தனையோடு காப்பாற்றலாம் என்பதற்கு உங்களிடம் அளவுகோல் ஏதேனும் உண்டா? பொத்தாம்பொதுவாக அல்லாமல், நடந்தவற்றை வைத்து எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

நேர்கோல் எழுதியது:

கூடாது என்பதே என் நிலைப்பாடு. அதற்கான காரணம் கோபம் அன்று.

ஹங்கேரியப் பொருளியல் அறிஞர் யானோஷ் கோர்னாய், சோசலிச நாடுகளின் அரசு நிறுவனங்களை ஆராய்ந்தபோது ஒன்றைக் கண்டார். நட்டத்தை எப்படியும் அரசு ஈடுகட்டிவிடும் என்று தெரிந்த மேலாளர் செலவைக் குறைக்கவும் மாட்டார், வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று கவனிக்கவும் மாட்டார். அவருடைய உழைப்பு முழுவதும் அமைச்சகத்தின் தயவைப் பெறுவதிலேயே செலவாகும். முதலாளித்துவ நாட்டின் தனியார் நிறுவனத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பிரிட்டிஷ் லேலண்ட் கார் நிறுவனத்தை 1975இல் அரசு ஏற்றுக்கொண்டது. பல ஆண்டுகள் பொதுப்பணத்தைக் கொட்டியது. எஞ்சியிருந்த பெரிய பகுதியான எம்ஜி ரோவர் 2005இல் மூடப்பட்டது. இத்தாலியின் அலிட்டாலியா விமான நிறுவனத்துக்கு 2017இல் கொடுத்த 90 கோடி யூரோ கடன் சட்டவிரோதமான உதவி என்று 2021 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் முடிவு செய்தது. அடுத்த மாதமே அந்த நிறுவனத்தின் கடைசி விமானம் பறந்து முடிந்தது. சாவைத் தள்ளிப்போட்டதைத் தவிர அந்தப் பணம் வேறு எதையும் செய்யவில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. 1984இல் கான்டினென்டல் இல்லினாய் என்ற அமெரிக்க வங்கி தடுமாறியபோது, காப்பீட்டு வரம்புக்கு மேல் பணம் போட்டிருந்தவர்கள் உட்பட எல்லோரையும் அரசு காப்பாற்றியது. அதன்பின் நடந்த நாடாளுமன்ற விசாரணையில், நாட்டின் மிகப் பெரிய 11 வங்கிகளை விழ விடமாட்டோம் என்பதை வங்கிக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டார். அந்த நாளுக்குப் பிறகு, அந்த 11 வங்கிகளுக்குக் கடன் கொடுப்பவர் அவற்றின் கணக்கை ஏன் புரட்டிப் பார்க்க வேண்டும்? பன்னிரண்டாவது வங்கி எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும் அதைவிட அதிக வட்டி கொடுத்தல்லவா பணம் திரட்ட வேண்டியிருக்கும்? மீட்பு என்பது விழும் நாளில் கொடுக்கும் உதவி மட்டும் அன்று. விழாத நாள்களிலும் பெரியவருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கும் மானியம் அது.

உலைக்களம் எழுதியது:

நேர்கோல் அவர்கள் எழுதியதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் மறுபக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் உலோக உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறை நடத்துகிறோம். எங்கள் உற்பத்தியில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சரக்கு உள்ளே போன நாளிலிருந்து 90 நாள் கழித்துப் பணம் வரும் என்பது ஒப்பந்தம். நடைமுறையில் 120 நாளாகும். ஆக, எந்த நேரத்திலும் நான்கு மாத உழைப்பு அவர்களிடம் கடனாக நின்றது. அவர்கள் நொடித்துப் போவதற்கு முந்தைய மாதம்கூட, எவ்வளவு முடியுமோ அவ்வளவும் அனுப்புங்கள் என்று கொள்முதல் பிரிவிலிருந்து அழைத்தார்கள். அழைத்தவருக்கு நிலைமை தெரிந்திருக்காது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

செய்தி வந்த மறுநாள் காலையில் நானும் எங்கள் மேற்பார்வையாளரும் அங்கே போனோம். கதவு பூட்டியிருந்தது. கம்பிக் கதவுக்கு உள்ளே, இறக்கு மேடையின் ஓரத்தில், எங்கள் பட்டறைப் பெயர் அச்சிட்ட நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. இரண்டு நாளைக்கு முன் நாங்கள் ஏற்றி அனுப்பியவை. கட்டிய நாடாகூடப் பிரிக்கப்படவில்லை. பெட்டிக்குள் இருக்கும் சரக்கு, ரசீதில் கையெழுத்து விழுந்த கணத்திலேயே அவர்களுடையதாகிவிட்டது. அதற்கான பணமோ எங்களுக்கு வரவில்லை. பெட்டியையாவது கொடுங்கள் என்று கேட்டோம். நீதிமன்றம் நியமித்த அதிகாரி வரும்வரை ஒரு துரும்பைக்கூட வெளியே விட முடியாது என்று காவலாளி வருத்தத்தோடு சொன்னார்.

பிறகுதான் வரிசை என்று ஒன்று இருப்பதைத் தெரிந்துகொண்டேன். பிணையம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகள் முதலில் நிற்கும். தொழிலாளர் ஊதியமும் அரசு நிலுவைகளும் அடுத்தடுத்து வரும். எங்களைப் போல நம்பிக்கையின் பேரில் சரக்குக் கொடுத்தவர்கள், பங்குதாரருக்குச் சற்று முன்னால், ஏறத்தாழக் கடைசியில் நிற்போம். எங்கள் பட்டறையில் 14 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 6 பேரை நான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நிறுவனத்தை யாராவது தாங்கிப் பிடித்திருந்தால் அந்த 6 பேரும் இருந்திருப்பார்கள் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை.

வெண்ணாரை எழுதியது:

வங்கியின் கடன் பிரிவில் நீண்ட காலம் பணியாற்றியவன் நான். உலைக்களம் சொல்லும் வரிசைதான் இந்த விவாதத்தின் நடு நரம்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வருவதற்கு முன் இன்னொரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

கையில் ரொக்கம் இல்லாமல் போவது வேறு, சொத்தைவிடக் கடன் மிகுந்துபோவது வேறு. முன்னதற்கு எழுதப்பட்ட மருந்து மிகப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பத்திரிகையாளர் வால்டர் பேஜட் சொன்னது: பீதி பரவும் வேளையில் மத்திய வங்கி தாராளமாகக் கடன் கொடுக்க வேண்டும், நல்ல பிணையத்தின் மீது மட்டும் கொடுக்க வேண்டும், வட்டியைக் கடுமையாக வைக்க வேண்டும். பின்னதற்கு, அதாவது உண்மையிலேயே மூழ்கிவிட்ட நிறுவனத்துக்கு, இந்த மருந்து பொருந்தாது. கோட்பாட்டில் இது தெளிவாக இருக்கிறது. நெருக்கடியின் இரவிலோ, பிணையமாக வைத்த சொத்தை வாங்க ஆளே இல்லாதபோது அதன் விலை என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. விலை தெரியாவிட்டால் நிறுவனம் உயிரோடிருக்கிறதா, மூழ்கிவிட்டதா என்பதும் தெரியாது. கடன் கேட்டு வந்தவரின் இருப்புநிலைக் குறிப்பை மேசையில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இது விளங்கும்.

லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியை 2008 செப்டம்பர் 15 அன்று விழ விட்டார்கள். அதன் கடன் பத்திரங்களை 78.5 கோடி டாலர் அளவுக்கு வைத்திருந்த ரிசர்வ் பிரைமரி என்ற நிதியத்தின் ஓர் அலகு, மறுநாளே ஒரு டாலரிலிருந்து 97 சென்ட்டுக்கு இறங்கியது. 3 சென்ட் இழப்புதான். ஆனால் ரொக்கத்துக்குச் சமம் என்று எல்லோரும் நம்பியிருந்த இடத்தில் அது நடந்ததால், அதுபோன்ற நிதியங்கள் அனைத்திலிருந்தும் பணம் வெளியேறத் தொடங்கியது. ஊதியம் கொடுக்கவும் மூலப்பொருள் வாங்கவும் அந்த நிதியங்களிடம் குறுகிய காலக் கடன் வாங்கிவந்த, லேமனோடு தொடர்பே இல்லாத தொழில் நிறுவனங்கள் திணறின. அதே நாளில்தான் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கடன் கொடுத்து, அதில் 79.9 விழுக்காட்டுப் பங்கை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டது. முதல் நாள் ஒன்றை விழ விட்டவர்கள் மறுநாள் இன்னொன்றைத் தாங்கியதைப் பலர் தடுமாற்றம் என்கிறார்கள். விழ விடுவதன் விலையை அவர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள் என்பதே உண்மை.

நேர்கோல் எழுதியது:

ஏஐஜியை எடுத்துக்கொண்டது நல்லது, அதையே பார்ப்போம். கடன் தவறினால் ஈடு தருவதாக அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவு உலகம் முழுவதும் ஒப்பந்தங்கள் எழுதிக் கொடுத்திருந்தது. அரசு உள்ளே வந்த பிறகு, அந்த ஒப்பந்தங்களின் மறுமுனையில் இருந்த பெரிய வங்கிகளுக்கு ஒரு சென்ட் குறையாமல் முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது. கோல்ட்மேன் சாக்ஸுக்கு மட்டும் சுமார் 1,290 கோடி டாலர் கிடைத்தது. பிழைக்குமா என்று தெரியாத நிறுவனத்திடம் பணம் நிலுவை வைத்திருந்தவர்கள் அவர்கள். உலைக்களம் போன்றவர்களுக்குச் சட்டம் விதிக்கும் இழப்பில் ஒரு பங்கையாவது அவர்கள் ஏற்றிருக்க வேண்டாமா? போதாக்குறைக்கு, நிறுவனத்தை அந்த நிலைக்குக் கொண்டுவந்த பிரிவின் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் ஊக்கத்தொகை வழங்கப்பட்டதும் 2009 மார்ச்சில் வெளிவந்தது.

அயர்லாந்தில் நடந்தது இதைவிடக் கொடியது. 2008 செப்டம்பர் இறுதியில், ஒரே இரவில், தன் நாட்டு வங்கிகளின் ஏறத்தாழ எல்லாக் கடன்களுக்கும் அந்த அரசு உத்தரவாதம் கொடுத்தது. அதன் விளைவாக வங்கிகளுக்குள் போன பொதுப்பணம் சுமார் 6,400 கோடி யூரோ. இரண்டே ஆண்டுகளில் நாடே கடன் கேட்டுப் பன்னாட்டு நிதியத்திடமும் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் போய் நின்றது. அதே மாதங்களில் ஐஸ்லாந்து தன் மூன்று பெரிய வங்கிகளையும் விழ விட்டது. உள்நாட்டு வைப்புகளை மட்டும் புதிய வங்கிகளுக்கு மாற்றிவிட்டு, வெளிநாட்டுக் கடனீந்தோரை இழப்பில் நிறுத்தியது. 2017 வரை மூலதனக் கட்டுப்பாடுகளோடு வாழ வேண்டியிருந்தது என்பது உண்மைதான். ஆனால் வங்கி முதலாளிகளின் சூதாட்டக் கடனைக் குடிமக்கள் தலையில் கட்டவில்லை.

நெடுங்கணக்கு எழுதியது:

வங்கிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வங்கியைத் தாங்குவதற்கான காரணங்களை எல்லாத் தொழிலுக்கும் நீட்டிவிட முடியாது. தொழிற்சாலைகளைப் பொறுத்தவரை எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1971ஆம் ஆண்டு. பிரிட்டனில் எட்வர்ட் ஹீத் தலைமையிலான பழமைவாதக் கட்சி அரசு, தள்ளாடும் தொழில்களை அரசு தாங்காது என்று அறிவித்துவிட்டுப் பதவிக்கு வந்தது. சில மாதங்களில், 1971 பிப்ரவரி 4 அன்று, ரோல்ஸ் ராய்ஸ் நொடித்தது. ஆர்பி 211 என்ற புதிய விமான எஞ்சினை, லாக்ஹீட் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானத்துக்கு முன்பே பேசிய விலைக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். உருவாக்கும் செலவோ கட்டுக்கடங்காமல் போய்விட்டது.

அந்த அரசு செய்ததைக் கவனியுங்கள். பழைய நிறுவனத்தை நொடிப்பு நடவடிக்கைக்கு விட்டுவிட்டு, அதன் எஞ்சின் தொழிலையும் சொத்துகளையும் மட்டும் வாங்கிப் புதிய அரசு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. பழைய நிறுவனத்தோடு அந்தப் பழைய ஒப்பந்தமும் போனது. எஞ்சினுக்குக் கூடுதல் விலை தந்தால்தான் வேலை தொடரும் என்று லாக்ஹீடிடம் புதிதாகப் பேச முடிந்தது. லாக்ஹீடோ தானே நொடியும் நிலையில் இருந்தது. அது பிழைக்கும் என்ற உறுதி கிடைத்தால்தான் எஞ்சினில் மேற்கொண்டு பணம் போடுவோம் என்று பிரிட்டன் சொன்னதால், அமெரிக்க நாடாளுமன்றம் 25 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தருவதா என்று வாக்கெடுக்க வேண்டிவந்தது. செனட்டில் 49க்கு 48 என்று ஒரே ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. கடலுக்கு இருபுறமும் இரண்டு நிறுவனங்கள், ஒன்று விழுந்தால் மற்றதும் விழும் என்ற நிலையில், ஒரே எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்த எஞ்சினின் வழிவந்தவைதான் இன்று நீண்ட தூர விமானங்களில் பறக்கும் டிரென்ட் எஞ்சின்கள். ரோல்ஸ் ராய்ஸ் 1987இல் மீண்டும் தனியார் கைக்குப் போனது.

லேலண்டும் ரோல்ஸ் ராய்ஸும் ஒரே நாட்டில், ஒரே பத்தாண்டில் அரசு ஏற்ற நிறுவனங்கள். ஒன்றில் உலகம் விரும்பும் பொருள் இருந்தது, கணக்குதான் தவறியிருந்தது. மற்றொன்றில் பொருளே தேய்ந்துகொண்டிருந்தது. பணத்தால் முதலாவதைச் சரிசெய்ய முடியும், இரண்டாவதை முடியாது.

தணல் எழுதியது:

தொழிலாளர் தரப்பிலிருந்து ஒன்று. மீட்பு என்றாலே வேலை காப்பாற்றப்படும் என்று உலைக்களம் உட்பட எல்லோரும் எண்ணுகிறீர்கள். 2010 ஜனவரியில் நொடித்த ஜப்பான் ஏர்லைன்ஸில் அரசு ஆதரவு பெற்ற நிதியம் 35,000 கோடி யென் போட்டது. விமானங்கள் ஒரு நாள்கூட நிற்கவில்லை, உண்மை. ஆனால் சுமார் 16,000 வேலைகள் போயின, ஓய்வூதியம் வெட்டப்பட்டது. காப்பாற்றுங்கள் என்று எங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். காப்பாற்றிய பிறகு முதலில் வெட்டப்படுவதும் நாங்கள்தான்.

விழ விட்டால் மட்டும் மிச்சமா என்றால் அதுவும் இல்லை. பிரிட்டனில் பள்ளி உணவு முதல் சிறைப் பராமரிப்பு வரை அரசுப் பணிகளை ஒப்பந்தம் எடுத்திருந்த கரில்லியன் நிறுவனம் 2018 ஜனவரியில் விழுந்தபோது, அதன் கையில் இருந்த ரொக்கம் 2.9 கோடி பவுண்டு; கடன்களும் பொறுப்புகளும் ஏறத்தாழ 700 கோடி. அரசு காப்பாற்ற மறுத்தது, சரியென்றே சொல்வேன். ஆனால் மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு உணவு போட வேண்டுமே. அதனால் கலைப்பு அதிகாரியிடம் 15 கோடி பவுண்டு ஒதுக்கிக் கொடுத்து அந்தப் பணிகளை நடத்த வேண்டியிருந்தது. பாதியில் நின்ற லிவர்பூல் மருத்துவமனை 2022இல்தான் திறக்கப்பட்டது. உலைக்களம் போன்ற சுமார் 30,000 வழங்குநர்கள் கைவிட்ட கணக்கில் எழுதப்பட்டார்கள்.

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேள்வி எழுப்பியபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பியிருக்கிறேன். ஆனால் இப்போது எதில் குழம்புகிறேன் என்றாவது தெரிகிறது. வெண்ணாரை அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஏஐஜியில் போட்ட பணம் லாபத்தோடு திரும்பிவிட்டது, ஆகவே மீட்பு சரி என்று பலர் எழுதுகிறார்கள். லாபம் வந்ததா இல்லையா என்பதை வைத்து இதை முடிவு செய்துவிடலாமா?

வெண்ணாரை எழுதியது:

முடியாது. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இது தெரிந்துவிடும். ஏஐஜிக்கு உச்சகட்டத்தில் ஒதுக்கப்பட்டது சுமார் 18,200 கோடி டாலர். 2012 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது 2,270 கோடி டாலர் உபரி. 2020இல் பெருந்தொற்றின்போது லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்கு 900 கோடி யூரோ திட்டம் வகுத்த ஜெர்மன் அரசு, 2022இல் பங்குகளை விற்று 76 கோடி யூரோ லாபம் பார்த்தது. ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் 4,550 கோடி பவுண்டு போட்ட பிரிட்டன், 2025 மே மாதம் கடைசிப் பங்கை விற்று முடித்தபோது ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் இழந்திருந்தது. ஜெனரல் மோட்டார்ஸில் அமெரிக்க அரசு சுமார் 4,950 கோடி டாலர் போட்டு, ஆயிரம் கோடிக்கு மேல் இழந்தது.

இந்தப் பட்டியலை வைத்து ஏஐஜி மீட்பு நல்லது, ஜெனரல் மோட்டார்ஸ் மீட்பு கெட்டது என்று சொன்னால், நான் அதற்கு நேர்மாறாகத்தான் வாதிடுவேன். ஏஐஜியில் கடனீந்தோர் யாரும் எதையும் இழக்கவில்லை என்று நேர்கோல் காட்டிவிட்டார். ஜெனரல் மோட்டார்ஸிலோ, 2009 ஜூன் 1 அன்று முறையாக நொடிப்பு மனு போடச் செய்தார்கள். அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், தலைமை அதிகாரி ரிக் வாகனர் அரசின் வற்புறுத்தலால் விலகினார். பழைய பங்குதாரர்களின் பங்குகள் மதிப்பற்றுப் போயின. கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் தங்கள் பணத்துக்குப் பதிலாகப் புதிய நிறுவனத்தில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டார்கள். 40 நாள்களில் புதிய நிறுவனம் வெளியே வந்தது. உலைக்களம் போன்றவர்களிடம் வாங்கிய சரக்குக்கான பணம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது, ஏனெனில் வழங்குநர் விழுந்தால் கார் வெளியே வராது. போட்டி நிறுவனமான ஃபோர்டு, தனக்கு அந்த மீட்புப் பணம் வேண்டாம் என்று சொன்னபோதும், ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இருவரையும் காப்பாற்றுங்கள் என்று நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னது. உதிரிபாகம் செய்பவர்கள் மூவருக்கும் பொதுவானவர்கள் என்பதுதான் காரணம். அங்கே தொழில் காப்பாற்றப்பட்டது, முதலாளிகள் காப்பாற்றப்படவில்லை.

கடுமைக்கு இன்னொரு பயனும் உண்டு. 1992இல் ஸ்வீடனின் வங்கிகள் சரிந்தபோது, வாராக் கடனை மறைக்காமல் எழுதித் தள்ளுங்கள், உங்கள் பங்குதாரர் முதலில் இழக்கட்டும், அதன்பின் அரசு பணம் போட்டால் அதற்கு ஈடாகப் பங்கு கொடுங்கள் என்று அரசு சொன்னது. நூர்டுபாங்கன் வங்கியின் அழுகிய கடன்களைச் செக்யூரும் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றிப் பொறுமையாக விற்றார்கள். அந்நாட்டின் இன்னொரு பெரிய வங்கி உதவி கேட்டு விண்ணப்பித்துவிட்டு, நிபந்தனைகளைப் பார்த்ததும் தன் சொந்தப் பங்குதாரர்களிடமே பணம் திரட்டிக்கொண்டது. உதவி கசப்பாக இருந்தால், உண்மையில் யாருக்கு உதவி தேவையில்லை என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது. கடன் பிரிவில் நான் கற்றதும் இதுவே. எந்த நிபந்தனைக்கும் உடனே தலையாட்டும் கடன்காரரையும், எந்த நிபந்தனையும் இல்லாமல் கேட்கும் கடன்காரரையும் ஒரே அளவுக்கு அஞ்ச வேண்டும்.

ஆகவே அரசு காப்பாற்ற வேண்டுமா என்ற கேள்வியைவிட, இழப்பை யார் எந்த வரிசையில் சுமக்கிறார்கள் என்ற கேள்வியே முதன்மையானது என்பேன். பொதுப்பணம் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

உலைக்களம் எழுதியது:

வெண்ணாரை அவர்களுக்கு ஒரு கேள்வி. வீழ்ந்த நிறுவனத்தோடு போட்டியிட்டவர், தன் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தவர், அவர் எந்த வரிசையில் நிற்கிறார்? எங்களைப் போலவே உதிரிபாகம் செய்த இன்னொரு பட்டறைக்காரர், அந்த நிறுவனத்தை நம்பாமல் முன்பணம் இல்லாமல் சரக்குத் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது நாங்கள் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தோம். மீட்பு வந்திருந்தால் என் தவறான கணிப்புக்குப் பணம் கிடைத்திருக்கும். அவருடைய சரியான கணிப்புக்கு எதுவும் கிடைத்திருக்காது. இதை நினைத்துப் பல இரவுகள் விழித்திருக்கிறேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

நீங்கள் கேட்பது ஜப்பானில் நடந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ் கடன் தள்ளுபடியோடும் பொதுப்பணத்தோடும் வரிச் சலுகையோடும் மீண்டு, 2012 செப்டம்பரில் பங்குச் சந்தைக்குத் திரும்பியபோது, உதவி எதுவும் பெறாமல் தன் கடனைத் தானே சுமந்துகொண்டிருந்த ஏஎன்ஏ நிறுவனம், இது நியாயமான போட்டி இல்லை என்று வெளிப்படையாக முறையிட்டது. அதன்பின் 2017 வரை ஜப்பான் ஏர்லைன்ஸின் புதிய வழித்தடங்களையும் முதலீடுகளையும் அரசு கண்காணித்துக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஆணையமும் லுஃப்தான்சாவிடம், ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக் விமான நிலையங்களில் சில இறங்கும் நேரங்களைப் போட்டியாளர்களுக்கு விட்டுக்கொடுக்கச் சொன்னது. முழு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்டியாளரும் வரிசையில் ஒரு தரப்பு என்று ஒப்புக்கொண்டார்கள்.

நேர்கோல் எழுதியது:

ஜெனரல் மோட்டார்ஸ் பற்றியும் ரோல்ஸ் ராய்ஸ் பற்றியும் நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்த பிறகு, நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நிறுவனத்தை நொடிய விட்டு, பங்குதாரரையும் பெரிய கடனீந்தோரையும் இழக்க விட்டு, அதற்குள் இருக்கும் தொழிலை மட்டும் அரசு தூக்கி நிறுத்துமானால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. கோர்னாய் சொன்ன நோய் அங்கே தொற்றாது, ஏனெனில் தவறு செய்தவர் உள்ளே இல்லை.

இந்தியாவில் 2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது, அரசு பணம் போடவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதியவர்களை நியமித்தது. ஏப்ரலில் டெக் மகிந்திரா ஏலத்தில் வென்று நிறுவனத்தை ஏற்றது. பணத்துக்கு முன்னால் அரசிடம் வேறு கருவிகளும் இருக்கின்றன. அவற்றை எடுக்காமலேயே கருவூலத்தைத் திறப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மிச்சமிருக்கும் என் ஐயம் இதுதான். 2008க்குப் பிறகு பல நாடுகள் இந்த வரிசையைச் சட்டமாக எழுதின. பெரிய வங்கிகள் எப்படிக் கலைக்கப்படும் என்று முன்கூட்டியே திட்டம் தயாரிக்கச் செய்தன. 2023 மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமை கிரெடிட் சூயிஸ் வங்கி விழுந்தபோது சுவிட்சர்லாந்து அந்தத் திட்டத்தை எடுக்கவில்லை. அவசர ஆணை பிறப்பித்து, அரசு உத்தரவாதத்தோடு அதை யூபிஎஸ் வங்கியிடம் சேர்த்தது. வரிசையில் முதலில் இழக்க வேண்டிய பங்குதாரர்களுக்குச் சுமார் 300 கோடி பிராங்க் கிடைத்தது. அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஒரு வகைக் கடன்பத்திரக்காரர்களின் சுமார் 1,600 கோடி பிராங்க் முற்றிலும் அழிக்கப்பட்டது. பத்திரத்தின் விதிகள் அதற்கு இடம் தந்தன என்று சொன்னார்கள். வாரக் கடைசியில் வரிசை மாறும் என்றால், திங்கள்கிழமை அதை யார் நம்புவார்கள்?

வெண்ணாரை எழுதியது:

அந்த ஐயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. இறுதியில் அந்த அறையில் இருப்பவர்களின் நெஞ்சுரத்தைப் பொறுத்தது அது. சட்டத்தால் நெஞ்சுரத்தைத் தர முடியாது, அதற்கு ஒரு பிடிமானத்தைத்தான் தர முடியும். ஆனால் அமைதியான காலத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் விழுந்தால் பொதுப்பணம் வரும் என்பது நடைமுறை உண்மையாக இருக்கும்வரை, அந்தக் காப்பீட்டுக்கு அவை ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். வைப்புக் காப்பீட்டுக்கு வங்கிகள் கட்டுவதில்லையா? தணல் குறிப்பிட்ட கரில்லியன், விழுவதற்கு முந்தைய ஆண்டிலும் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. அப்போதே அதன் ஓய்வூதிய நிதியில் பெரும் பற்றாக்குறை இருந்தது. ஈவு கொடுக்கும் கையை அன்றைக்கே பிடித்திருக்க வேண்டும். ஓய்வூதியப் பற்றாக்குறை தீராத நிறுவனம் ஈவு கொடுக்கவோ தன் பங்கைத் தானே திரும்ப வாங்கவோ கூடாது என்று ஒரு விதி இருந்தால், பாதி மீட்புகளுக்குத் தேவையே வராது என்பது என் அனுபவம்.

தணல் எழுதியது:

அதோடு, வழங்குநருக்கு 60 நாளுக்குள் பணம் கொடுக்காத பெருநிறுவனத்தின் பெயர் ஒவ்வொரு காலாண்டும் வெளியிடப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கரில்லியன் பணம் கொடுக்க 120 நாள் எடுத்துக்கொண்டது. உலைக்களம் சொன்ன எண்ணும் அதுவே. வீழ்ச்சியின் முதல் அறிகுறி சந்தையில் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே வழங்குநரின் கணக்குப் புத்தகத்தில் தெரிந்துவிடுகிறது.

செங்காந்தள் எழுதியது:

உலைக்களம் அவர்களே, கேட்கலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்கிறேன். கடைசியில் உங்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

உலைக்களம் எழுதியது:

தயங்க வேண்டியதில்லை. கோரிக்கைப் படிவத்தோடு ரசீதுகளின் நகலை இணைத்து அனுப்பினோம். மூன்றாம் ஆண்டின் இறுதியில் கலைப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. நிலுவையில் நூற்றுக்கு நான்கு வீதம் எங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. சரக்கை யாரோ ஏலத்தில் எடுத்திருந்தார்கள். நீலப் பெட்டிகள் காலியாகத் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தோம், இரண்டுதான் குறைந்தன.

அனுப்பிய 6 பேரில் 4 பேரைப் பிறகு திரும்ப அழைத்துக்கொள்ள முடிந்தது. முன்பணம் இல்லாமல் சரக்குத் தர மாட்டேன் என்று சொன்ன அந்தப் பட்டறைக்காரர் தன்னிடம் நிறைந்த வேலைகளில் கொஞ்சம் எங்களுக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் அவரிடமே சேர்ந்துவிட்டார்கள்.